முயல் கதை சொன்ன காளான் ஆராய்ச்சியாளர்



மழை பெய்து ஓய்ந்து இரண்டு நாள் ஆன பிறகு, கீழே விழுந்து மட்கிக் கிடக்கும் மரக்கட்டையை அருகில் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? நின்றபடி பார்த்தால் அது வெறும் கட்டைதான். கீழே உட்கார்ந்து, நன்றாகக் குனிந்து பாருங்கள். சில கட்டைகளில் குண்டூசித் தலை அளவுக்குச் சின்னச் சின்னக் கிண்ணங்கள் கூட்டமாக ஒட்டிக்கொண்டிருக்கும். சில வெள்ளையாக இருக்கும். சில மஞ்சள், சில ஆரஞ்சு. எறும்பு வீட்டுக் கல்யாணத்துக்குப் பாயசக் கிண்ணம் அடுக்கி வைத்தது போல இருக்கும்!

இவற்றின் பெயர் கிண்ணக் காளான்கள். இவை செடியும் அல்ல, விலங்கும் அல்ல. பூஞ்சை இனத்தைச் சேர்ந்தவை. விழுந்த மரங்களை மட்கச் செய்து மண்ணோடு சேர்ப்பவை பூஞ்சைகள்தான். அவை இல்லாவிட்டால் காடு முழுவதும் செத்த மரங்கள் மலைமலையாகக் குவிந்து கிடக்கும்.

சரி, நீங்கள் பார்த்த கிண்ணம் எந்த வகை? அதன் பெயர் என்ன? வெறும் கண்ணால் பார்த்து இதைச் சொல்வது பெரும்பாலும் முடியாத காரியம். அதற்கு மைக்ரோஸ்கோப் எனப்படும் நுண்ணோக்கி வேண்டும். அதைவிட முக்கியமாக, பொறுமை வேண்டும்.

நூறு ஆண்டுகளுக்கும் முன்பு, அப்படிப்பட்ட பொறுமை கொண்ட ஓர் இளம்பெண் லண்டனில் இருந்தார். மரத்திலும் மண்ணிலும் முளைக்கும் காளான்களை நுண்ணோக்கியில் வைத்து மணிக்கணக்கில் பார்த்தார். பார்த்ததையெல்லாம் படமாக வரைந்தார். அவர் பெயர் பீட்ரிக்ஸ் பாட்டர்.

ஹாரி பாட்டருக்குச் சொந்தமா என்று கேட்காதீர்கள்! நீலச் சட்டை போட்ட பீட்டர் ராபிட் என்ற குறும்புக்கார முயலைக் கேள்விப்பட்டிருப்பீர்களே, அந்த முயலைப் படைத்தவர் இவர்தான். முயல் கதையால் உலகப் புகழ் பெற்ற இவர், முதலில் நின்று கதவைத் தட்டியது விஞ்ஞானிகளின் வாசலில். அந்தக் கதையைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

பள்ளிக்கூடம் போகாத சிறுமி

1866-ம் ஆண்டு ஜூலை 28-ம் தேதி லண்டனில் பிறந்தார் பீட்ரிக்ஸ். பணக்காரக் குடும்பம். அப்பா ரூபர்ட் பாட்டர் சட்டம் படித்தவர். புகைப்படம் எடுப்பதில் அவருக்குப் பெரிய ஆர்வம் இருந்தது. அம்மா பெயர் ஹெலன். தம்பி பெர்ட்ரம், பீட்ரிக்ஸைவிட 6 வயது சிறியவன்.

அந்தக் காலத்தில் வசதியான வீட்டுப் பெண் குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பமாட்டார்கள். ஆசிரியை வீட்டுக்கே வந்து பாடம் சொல்லித் தருவார். பீட்ரிக்ஸும் அப்படித்தான் வளர்ந்தார். கூட விளையாட நண்பர்கள் மிகக் குறைவு.

ஆனால் மாடி அறையில் வேறு நண்பர்கள் இருந்தார்கள்! முயல், எலி, தவளை, முள்ளெலி, வௌவால் என்று அது ஒரு குட்டி விலங்குக் காட்சிசாலை. அக்காவும் தம்பியும் அவற்றை வளர்த்தார்கள், பக்கத்தில் உட்கார்ந்து படம் வரைந்தார்கள். விலங்கு இறந்துபோனால் அழுதுவிட்டு அதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. எலும்புகளை எடுத்துப் பொருத்தி, உடல் எப்படி அமைந்திருக்கிறது என்று ஆராய்ந்தார்கள். முயல் காதை வரைய வேண்டுமானால், அந்தக் காது எந்த எலும்பில் எப்படி ஒட்டியிருக்கிறது என்று தெரிய வேண்டும் என்பது பீட்ரிக்ஸின் எண்ணம்.

ஒவ்வொரு கோடைக்கும் குடும்பம் ஊர் மாறும். முதலில் ஸ்காட்லாந்து, பிறகு இங்கிலாந்தின் வடக்கே உள்ள ஏரி மாவட்டம். அங்கே காடு இருந்தது, மழை இருந்தது, மட்கிய மரங்கள் இருந்தன. அப்புறம் என்ன? காளான்களும் இருந்தன!

தபால்காரர் தந்த பாடம்

பீட்ரிக்ஸ் தன் இருபதுகளில் காளான்களை வரையத் தொடங்கினார். படங்கள் மிக அழகாக இருந்தன. ஆனால் அழகு மட்டும் போதுமா? எந்தக் காளான், என்ன பெயர் என்று அவருக்குச் சரியாகச் சொல்லித் தர ஆள் இல்லை.

அந்த ஆள் கடைசியில் கிடைத்தார். அவர் பேராசிரியர் அல்ல, ஸ்காட்லாந்தின் பெர்த்ஷயர் பகுதியில் தபால்காரராக இருந்த சார்லஸ் மெக்கின்டாஷ்! இளம் வயதில் மர அறுவை ஆலையில் நடந்த விபத்தில் இடது கை விரல்களை இழந்தவர் அவர். தினமும் பல மைல் தூரம் காட்டு வழியில் நடந்து கடிதம் கொடுப்பது அவர் வேலை. நடக்கிற வழியில் பாசி, பெரணி, காளான் என ஒவ்வொன்றையும் கவனித்து, தானாகவே படித்து இயற்கை அறிஞர் ஆகிவிட்டார்.

1892-ம் ஆண்டு அக்டோபரில் பீட்ரிக்ஸ் தன் படங்களை அவரிடம் காட்டினார். மெக்கின்டாஷ் மிகவும் கூச்ச சுபாவம் உள்ளவர். ஆனால் காளான் பேச்சு வந்ததும் கூச்சம் பறந்துவிட்டது! வெளித் தோற்றத்தை மட்டும் வரையாதே, காளானை நெடுக வெட்டி உள்ளே இருப்பதையும் வரை என்று சொல்லிக் கொடுத்தார். குடைக்கு அடியில் இருக்கும் செதில்கள் காம்போடு எப்படிச் சேர்கின்றன என்று காட்டச் சொன்னார். அறிவியல் பெயர்களைக் கற்கச் சொன்னார்.

இருவரும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். மெக்கின்டாஷ் அரிய காளான்களைத் தபாலில் லண்டனுக்கு அனுப்புவார். பீட்ரிக்ஸ் அவற்றை வரைந்து ஒரு படத்தை அவருக்குத் திருப்பி அனுப்புவார். காளான் வாடிப்போவதற்குள் வரைந்து முடிக்க வேண்டும். அவசரம், ஆனால் கோடு தப்பக் கூடாது. எப்பேர்ப்பட்ட பயிற்சி பாருங்கள்!

கண்ணுக்குத் தெரியாத அடையாளம்

நுண்ணோக்கி ஏன் வேண்டும் என்று கேட்கிறீர்களா? ஓர் உதாரணம் சொல்கிறேன்.

இங்கிலாந்துக் காடுகளில் சில மட்கிய மரங்கள் உள்ளே நீலப்பச்சை நிறத்தில் இருக்கும். யாரோ சாயம் ஊற்றியது போலத் தெரியும். அந்த மரத் துண்டுகளைப் பதித்து டன்பிரிட்ஜ் என்ற பகுதியில் அழகிய பெட்டிகள்கூடச் செய்தார்கள். அந்தச் சாயத்தை ஊற்றுவது ஒரு கிண்ணக் காளான்! அதன் கிண்ணம் சில மில்லிமீட்டர் அகலம்தான் இருக்கும். இதில் இரண்டு வகைகள் உண்டு. இரண்டும் நீலப்பச்சை. இரண்டும் ஒரே அளவு. பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் நமக்கு வித்தியாசம் தெரியாது.

நுண்ணோக்கியில் தெரிந்துவிடும். கிண்ணத்திலிருந்து ஒரு மெல்லிய சீவல் எடுத்து, கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டுத் தண்ணீரில் வைத்து, மேலே மெல்லிய கண்ணாடி வில்லையை மூடிப் பார்ப்பார்கள். நீண்ட பைகள் நெருக்கமாக நிற்பது தெரியும். இந்தப் பைக்கு ஆஸ்கஸ் என்று பெயர். ஒவ்வொரு பைக்குள்ளும் வழக்கமாக 8 வித்துகள் இருக்கும், பட்டாணிக்காயில் பட்டாணி இருப்பது போல. ஸ்போர் என்று அறிவியல் பாடத்தில் படிப்பீர்களே, அதுதான் இந்த வித்து. நாம் பார்த்த நீலப்பச்சைக் கிண்ணங்களில் ஒரு வகையின் வித்து குட்டை. இன்னொரு வகையின் வித்து நீளம். அவ்வளவுதான் வித்தியாசம்! ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு அளவே இருக்கும் ஒரு வித்துதான் பெயரை முடிவு செய்கிறது.

குடைக் காளான்களில் இந்தப் பை இருக்காது. அங்கே வித்துகள் குட்டித் தண்டுகளின் நுனியில், பெரும்பாலும் நான்கு நான்காக உட்கார்ந்திருக்கும். ஆகவே, நுண்ணோக்கியில் பார்த்தவுடனே இது எந்தக் குடும்பம் என்று சொல்லிவிடலாம். பிறகு வித்தின் வடிவத்தைப் பார்க்க வேண்டும். உருண்டையா, நீளமா? வழுவழுப்பா, முள்முள்ளா? ஒரு சொட்டு அயோடின் விட்டால், சில கிண்ணக் காளான்களில் பையின் நுனி மட்டும் நீலமாக மாறும். அதுவும் ஓர் அடையாளம். துப்பறியும் கதை போல இல்லை?

பீட்ரிக்ஸ் இறங்கியது இந்தத் துப்பறியும் வேலையில்தான். 600 மடங்கு பெரிதாக்கி வித்துகளை வரைந்தார். அழகாக வரையும் ஓவியர் பலர் இருந்தார்கள். வித்து வரைக்கும் போய்ப் பார்த்த ஓவியர் எத்தனை பேர்?

முளைத்தது வித்து

பார்த்துக்கொண்டே இருந்தவருக்கு ஒரு கேள்வி பிறந்தது. விதை முளைத்துச் செடி வருவதை நாம் பார்க்கிறோம். காளானின் வித்து முளைப்பதைப் பார்க்க முடியுமா?

அந்தக் காலத்தில் இது கடினமான கேள்வி. ஜெர்மனியில் பிரெஃபெல்டு என்ற அறிஞர் இது பற்றி ஆராய்ந்திருந்தார். ஆனால் இங்கிலாந்தில் இதைச் செய்து பார்த்தவர்கள் மிகக் குறைவு. பீட்ரிக்ஸ் வீட்டிலேயே முயன்றார். கண்ணாடித் தகடுகளில் வித்துகளைத் தூவி, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டார். குறிப்பிட்ட நேரத்துக்கு ஒரு தடவை நுண்ணோக்கியில் பார்த்து வரைந்தார். பட்டுப்போன மரத்தில் குளிர்காலத்தில் முளைக்கும் வெல்வெட் காம்புக் காளானின் வித்துகளும் அவற்றில் உண்டு.

வித்திலிருந்து மெல்லிய குழாய் ஒன்று எட்டிப் பார்த்தது. நீண்டது. கிளை விட்டது. வெள்ளை நூல் வலை போலப் பரவியது. மரத்துக்குள் புகுந்து அதை மட்கச் செய்யும் பூஞ்சை இழை இதுதான்! நம் கண்ணில் படும் காளான், மாமரத்துக்கு மாங்காய் போல. மரம் முழுக்கக் கட்டைக்குள் மறைந்திருக்கிறது.

பூட்டிய கதவு

பீட்ரிக்ஸின் மாமா முறை உறவினர் சர் ஹென்றி ராஸ்கோ புகழ்பெற்ற வேதியியல் அறிஞர். 1896-ல் அவர் பீட்ரிக்ஸை லண்டனின் கியூ தாவரவியல் தோட்டத்துக்கு அழைத்துப் போனார். அங்கே இயக்குநராக இருந்தவர் வில்லியம் திசெல்டன்-டையர். பூஞ்சைப் பிரிவைக் கவனித்தவர் ஜார்ஜ் மாஸ்ஸி.

பீட்ரிக்ஸுக்கு அப்போது 29 வயது. பட்டம் கிடையாது. பள்ளிச் சான்றிதழ்கூடக் கிடையாது. கையில் இருந்தவை படங்களும் கண்ணாடித் தகடுகளும்தான். இயக்குநர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆரம்பத்தில் நம்பாத மாஸ்ஸி, பிறகு அவருக்கு ஆதரவாக மாறினார்.

இதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும் தெரியுமா? பீட்ரிக்ஸ் சிறு வயதிலிருந்தே ஒரு நாட்குறிப்பு எழுதினார். யாரும் படித்துவிடக் கூடாது என்று தானே கண்டுபிடித்த ரகசிய எழுத்தில் எழுதினார்! அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பின், 1958-ல் லெஸ்லி லிண்டர் என்பவர் அந்த ரகசியத்தை உடைத்தார். 1793 என்ற ஆண்டும், 16 என்ற ரோமன் எண்ணும்தான் அவருக்குக் கிடைத்த துப்பு. பிரான்ஸ் மன்னர் பதினாறாம் லூயி கொல்லப்பட்ட ஆண்டு அது. அதை வைத்து எழுத்து எழுத்தாக அவிழ்த்துவிட்டார்.

பீட்ரிக்ஸ் தன் ஆராய்ச்சியை ஒரு கட்டுரையாக எழுதினார். செதில் உள்ள குடைக் காளான்களின் வித்துகள் முளைப்பது பற்றிய கட்டுரை. 1897-ம் ஆண்டு ஏப்ரல் 1-ம் தேதி லண்டன் லின்னேயன் சங்கத்தின் முன் அது வைக்கப்பட்டது. சாதாரணச் சங்கம் அல்ல அது. 1858-ல் டார்வின், வாலஸ் இருவரின் பரிணாமக் கட்டுரைகள் முதன்முதலில் வாசிக்கப்பட்ட இடம்!

அந்தக் கூட்டத்தில் பீட்ரிக்ஸ் எங்கே உட்கார்ந்திருந்தார்?

எங்கேயும் இல்லை. பெண்கள் அங்கே உறுப்பினராக முடியாது. கூட்டத்துக்கும் வர முடியாது. அவர் சார்பில் கட்டுரையை முன்வைத்தவர் மாஸ்ஸி. கட்டுரையை எழுதியவரிடம் ஒரு சந்தேகம் கேட்க வேண்டுமென்றால், அவர் அந்த அறையிலேயே இல்லை!

அச்சிடும் முன் இன்னும் கொஞ்சம் ஆராய்ச்சி தேவை என்று பதில் வந்தது. அது நியாயமான பேச்சாகக்கூட இருந்திருக்கலாம். ஒரு கண்ணாடித் தகட்டில் வேறொரு பூஞ்சையின் வித்து காற்றில் வந்து விழுந்தாலும் முடிவு மாறிவிடும். அதனால் சரிபார்த்துக்கொண்டே இருப்பதுதான் விஞ்ஞானம். ஆனால் சரிபார்க்க ஆய்வுக்கூடம் வேண்டாமா? உடன் ஆராயும் நண்பர்கள் வேண்டாமா? கேள்வி கேட்கும் கூட்டத்தில் ஓர் இருக்கை வேண்டாமா? அவை எதுவும் பீட்ரிக்ஸுக்குக் கிடைக்கவில்லை. கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அது அச்சாகவே இல்லை. பிறகு காணாமலும் போய்விட்டது.

அன்று அவர் மனம் என்ன பாடுபட்டது? அதைச் சொல்ல அந்த ரகசிய நாட்குறிப்பும் இல்லை. 1897 ஜனவரியோடு அதை எழுதுவதை அவர் நிறுத்தியிருந்தார்.

முயல் வந்தது

இப்போது கொஞ்சம் பின்னால் போவோம். 1893 செப்டம்பர் மாதம். ஸ்காட்லாந்தின் டன்கெல்ட் ஊரில் பீட்ரிக்ஸ் தங்கியிருந்தார். அங்கே ஓர் அரிய காளான் கிடைத்தது. சாம்பல் நிறத்தில், தலையெல்லாம் செதில் செதிலாக, சடைமுடிக் கிழவர் போல இருக்கும். ஆங்கிலத்தில் அதைக் காட்டுக் கிழவன் என்றே அழைப்பார்கள். செப்டம்பர் 3-ம் தேதி அதை வரைந்தார்.

மறுநாள், தனக்கு முன்பு பாடம் சொல்லித் தந்த ஆசிரியையின் மகன் நோயல் உடல்நலம் இல்லாமல் படுத்திருப்பது நினைவுக்கு வந்தது. அவனுக்கு வயது 5. என்ன எழுதுவது என்று தெரியாமல், நான்கு முயல் குட்டிகளின் கதையைப் படங்களோடு கடிதமாக எழுதி அனுப்பினார். பீட்டர் ராபிட் பிறந்தது அப்படித்தான். காளானுக்கு அடுத்த நாள் முயல்!

விஞ்ஞானிகளின் கதவு திறக்காதபோது, பீட்ரிக்ஸ் அந்தக் கடிதக் கதையைக் கையில் எடுத்தார். பல பதிப்பகங்கள் வேண்டாம் என்றன. சோர்ந்துவிடவில்லை. 1901-ல் சொந்தப் பணத்தில் 250 பிரதிகள் அச்சிட்டார். 1902-ல் ஃபிரெடரிக் வார்ன் நிறுவனம் அதை வண்ணப் படங்களோடு வெளியிட்டது. அதன் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். உலகம் முழுவதும் குழந்தைகள் அந்த முயலுக்கு நண்பர்கள் ஆனார்கள்.

அந்தப் படங்களை மறுபடியும் ஒருமுறை பாருங்கள். முயல் சட்டை போட்டிருக்கும். ஆனால் அதன் கால், காது, மீசை எல்லாம் உண்மையான முயலுடையவை. செடிகளும் நிஜச் செடிகளே. நுண்ணோக்கியில் பழகிய கண் அல்லவா!

புத்தகத்தில் வந்த பணத்தைக் கொண்டு 1905-ல் ஏரி மாவட்டத்தில் ஹில் டாப் என்ற பண்ணையை வாங்கினார். அந்த ஆண்டு அவருக்குப் பெரிய சோகமும் நேர்ந்தது. திருமணம் செய்துகொள்வதாக இருந்த நார்மன் வார்ன் நோயால் திடீரென்று இறந்துபோனார். துக்கத்தோடு கிராமத்துக்குப் போனவர் அந்த மண்ணோடு ஒன்றிவிட்டார். 1913-ல் வில்லியம் ஹீலிஸ் என்ற வழக்கறிஞரை மணந்தார். ஆடு வளர்த்தார். அழிந்துவிடும் நிலையில் இருந்த பண்ணைகளை வாங்கிக் காப்பாற்றினார்.

1943-ம் ஆண்டு டிசம்பர் 22-ம் தேதி, 77 வயதில் அவர் மறைந்தார். 4,000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தை நேஷனல் டிரஸ்ட் என்ற பாதுகாப்பு அமைப்புக்கு எழுதி வைத்திருந்தார்.

நூறு ஆண்டு கழித்து

அந்தக் காளான் படங்கள் என்ன ஆயின? தூக்கி எறிந்துவிட்டாரா? இல்லவே இல்லை. பத்திரமாக வைத்திருந்தார். ஏரி மாவட்டத்தில் ஆம்பிள்சைட் ஊரில் உள்ள ஆர்மிட் அருங்காட்சியகத்துக்கு அவை போய்ச் சேர்ந்தன. 1967-ல் காளான்களை அடையாளம் காண்பதற்காக வெளிவந்த ஓர் ஆங்கில நூலில் அவருடைய 59 படங்கள் இடம்பெற்றன. வரைந்து 70 ஆண்டுகள் ஆகியும், காளானை இனம் காண அந்தப் படங்களை நம்ப முடிந்தது! கட்டுரை தொலைந்துபோனது. ஆனால் சரியாகப் பார்த்து வரைந்த கோடு தொலையவில்லை.

லின்னேயன் சங்கம் 1904-ல் முதன்முதலாகப் பெண்களை உறுப்பினர்களாகத் தேர்ந்தெடுத்தது. 1997-ல், அந்தக் கூட்டம் நடந்து சரியாக நூறு ஆண்டு கழித்து, பீட்ரிக்ஸை நடத்திய விதம் தவறு என்று வருத்தம் தெரிவித்தது. கேட்பதற்கு அவர் உயிரோடு இல்லை. ஆனாலும் தவறைத் தவறு என்று சொல்வது நல்லதுதானே!

நீங்களும் பார்க்கலாம்

அடுத்த மழைக்குப் பிறகு ஒரு லென்ஸ், ஒரு நோட்டு, ஒரு பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். பெரியவர் ஒருவரையும் கூட அழைத்துக்கொள்ளுங்கள். மட்கிய கட்டையில் கிண்ணம் தெரிகிறதா? எந்த மரம், எத்தனை மில்லிமீட்டர் அகலம், என்ன நிறம், ஓரத்தில் முடி இருக்கிறதா என்று எழுதுங்கள். தேதி போடுங்கள். பிறகு வரையுங்கள். கிண்ணம் கொஞ்சம் பெரிதாக இருந்தால் அதன் மேல் மெதுவாக ஊதிப் பாருங்கள். சில கிண்ணங்கள் புகை விடுவது போல வித்துகளை ஒரே மூச்சில் வெளியே தள்ளும்! பள்ளி ஆய்வகத்தில் நுண்ணோக்கி இருந்தால், ஆசிரியரிடம் கேட்டு அந்தப் பையையும் 8 வித்துகளையும் எண்ணிப் பாருங்கள்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். எந்தக் காளானையும் வாயில் வைக்கக் கூடாது. பல காளான்களில் உயிரைக் குடிக்கும் விஷம் உண்டு. தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

நீங்கள் வரைந்த படத்தைப் பார்த்து யாராவது, இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். கேட்கட்டும்! நோட்டை மட்டும் பத்திரமாக வைத்திருங்கள்.